தமிழில் போட்ட ஸ்டேட்டஸ்

கல்லூரி முதல்வரின் மேசைமேல் ஒரு வாட்ஸாப் ஸ்டேட்டஸை அச்சடித்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் இருந்துவிட்டு மறைந்திருக்க வேண்டியது, தாளில் ஏறியதும் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. 'கேன்டீன் அண்ணன் திருடன் இல்ல, கான்ட்ராக்டர்தான் திருடன். நாளைக்கு எல்லாருக்கும் தெரியும்.' எழுதியவர் மும்பை மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் கல்லூரி மாணவர் பத்திரிகையின் ஆசிரியர், தாராவியிலிருந்து வந்த மூன்றாமாண்டு அக்கா. அவர் பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

பத்திரிகையில் சேர்ந்த அன்றே அக்கா எனக்குச் சொல்லியிருந்தார்: "நாம விசாரிக்கிற விஷயத்தப் பத்தி நம்ம அக்கவுண்ட்ல மூச்சு விடக் கூடாதுல. லைக்குகூடப் போடாத. பொறவு நம்ம நியூஸ எவன் நம்புவான்?" தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரின் படத்துக்கு நான் இதயம் போட்டதற்கு, ஒரு வாரம் பிழை திருத்த மட்டுமே உட்கார வைத்தவர் அவர். அவரே ஏன் இப்படிச் செய்தார் என்று இன்றும் என் மனம் அடங்காமல் கேட்கிறது. சிலிண்டர் திருடியதாகப் பழி விழுந்து வேலையிழந்த அந்த அண்ணனை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. பேட்டி எடுத்தது நான். ஆனால் சிலிண்டர்கள் கான்ட்ராக்டரின் இன்னொரு கடைக்குப் போனதை, கேஸ் ஏஜென்சி வரை நாயாய் அலைந்து கண்டுபிடித்தவர் அக்காதான். அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் பொறுக்க முடியாமல் பொங்கிவிட்டார். தமிழில் போட்டால் தாராவிக்காரர்களைத் தவிர யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாராம். தெருவுக்குத் தெரு தமிழர் இருக்கும் மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு இப்படியும் ஒரு நினைப்பு! கல்லூரி அலுவலகத்து மாமியின் எண் தன் கைப்பேசியில் இருப்பதை மறந்தே போனார். மாமி வாசித்தது மட்டுமல்லாமல், முதல்வருக்கு ஆங்கிலத்தில் பெயர்த்தும் கொடுத்துவிட்டார்.

விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், இந்தச் செய்தி வராது என்றார் முதல்வர். அக்கா வாதாடவில்லை. தான் விலகிக்கொள்வதாகவும், வேறொருவர் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்துச் செய்தியை வெளியிடட்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நான் மறுபடி அலைந்தேன். ஒரு விவரமும் பிசகவில்லை. அடுத்த இதழில் செய்தி என் பெயரில் வந்தது. அதன் அடியில், இது பற்றி ஸ்டேட்டஸ் போட்டதற்காக ஆசிரியர் விலகினார் என்று மட்டும் ஒரு குறிப்பு, அவர் பெயரோடு. எழுதிக் கொடுத்தது அவரே. கான்ட்ராக்டர் மாற்றப்பட்டார், அண்ணன் வேலைக்குத் திரும்பினார். அக்கா அதன்பிறகு பத்திரிகை அறைப் பக்கம் வரவேயில்லை.

இப்போது நவி மும்பை சான்பாடாவில் ஒரு செய்தி இணையதளத்தில் வேலை பார்க்கிறேன். கைப்பேசியில் கோபமாக எதையாவது தட்டுவேன், அழிப்பேன், திரும்பத் தட்டுவேன். போன வாரம் செம்பூர் ஸ்டேஷனில் அந்த அண்ணனைப் பார்த்தேன். "நீங்க எழுதலன்னா அன்னைக்கே மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போயிருப்பேன் தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கூசியது. உங்களைக் காப்பாற்றியது நானல்ல, எங்கள் ஆசிரியர் அக்கா என்று அவர் பெயரைச் சொன்னேன்.

அண்ணன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"பேப்பர்லகூடப் போட்டிருந்தாவளே தம்பி. ஸ்டேட்டஸ் போட்டு என் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்துச்சே, அந்தப் பிள்ளையா?"