அப்படி ஒரு பெண் இங்கே இல்லை

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. கக்கத்தில் பைலோடு வருகிறவன் யார் பெயரைக் கேட்டாலும், "அப்படி ஒருத்தர் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றதிலிருந்து அப்படி வருகிறவர்கள் கொண்டுவருவது, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்தான். ஆளே இல்லையென்றால் யார் கையில் கொடுப்பான்? சட்டம் படித்த நானும் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

படிப்பு முடித்து, கிள்ளானில் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். பெட்ரோலுக்கும் டோலுக்கும் போக அந்தச் சம்பளத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. புஞ்சாக் ஆலாமில் ஒரு மலிவு வீடு பார்த்து வைத்திருந்தோம். அங்கே பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்கு நடந்துபோகிற தூரம். வங்கியில், அரசாங்கச் சம்பளச் சீட்டோடு வாருங்கள், கடனைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் அரசாங்கச் சட்ட அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தால் அரசுத் தரப்பு வக்கீலாகப் போடுவார்கள், இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டாக. நேர்முகத் தேர்வில் தேறினேன். நியமனத்துக்கு முன்னால் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கப் போலீஸிலிருந்து ஆள் வரும் என்றார்கள். கைக்கு வரும்முன் வெளியே சொன்னால் கண்படும் என்று அம்மா என் வாயைக் கட்டிவிட்டார். லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு சாயங்காலம் நான் வந்து இறங்கியதும் எதிர்வீட்டு அத்தை ஓடிவந்தார்.

"நீ பயப்படாத. இன்னிக்கி ஒருத்தன் பைலோட வந்தான். ஒம் பேரச் சொல்லியே கேக்குறான்! அப்படி ஒரு பொண்ணே இந்த லயத்துல கெடையாதுன்னுட்டேன். பக்கத்து வூட்டுலயும் கேட்டான் லா. அவங்களும் அதையேதான் சொன்னாங்க."

அத்தை நான் நன்றி சொல்வேன் என்று சிரித்தபடி நின்றார்.

"அத்தை, அவரு நோட்டீஸ் குடுக்க வரல. என் கவர்மெண்ட் வேலைக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரு."

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பொய் முகவரி கொடுத்தவள் மாஜிஸ்திரேட்டாக உட்கார ஆசைப்பட்டாளாம்! அப்படித்தான் எழுதப்போகிறார்கள் என்று பயந்தேன். நியமன அலுவலகத்துக்குப் போன் செய்தால், பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில். செம்பனை மரங்களுக்குப் பின்னால் மண்வாரி இயந்திரம் வந்து நின்றுவிட்டது. வேலை போனால் வீடு போச்சு. அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அத்தை ஒரு நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். "வா, ஸ்டேசனுக்குப் போவோம். நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிடுறேன்." விசாரிக்க வந்தவரிடம் பொய் சொன்னேன் என்று போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்வதா? எனக்குப் பயம் இரட்டிப்பானது. நான் தடுத்தும் அத்தை கேட்கவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

வந்தவர் அங்கேதான் இருந்தார், சீருடையில். அத்தை உடைந்த மலாயில் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுச் சிரித்தார். தோட்டத்தில் எங்கே போனாலும் இதே பதில்தான், அதனால் சாலையோர ரொட்டிச்சானாய்ச் சாப்பாட்டுக் கடையில் விசாரித்து எழுதிவிட்டேன் என்றார். கடைக்கார பாய், அம்மா எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறார் என்பதுவரை சொல்லியிருந்தாராம்.

வேலை கிடைத்தது. கடனும் வீடும் அதன் பின்னாலேயே வந்தன. அத்தை இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்.

இப்போது நான் வேறு ஊரில் மாஜிஸ்திரேட். போன மாதம் தோட்ட வீடு ஒன்றைக் காலி செய்யும் வழக்கு என் முன்னால் வந்தது. சம்மன் கொடுக்கப் போனவர், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னதாக எழுதியிருந்தார். சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு வழக்கை நடத்த அனுமதி வேண்டும் என்றார் கம்பெனி வக்கீல். அனுமதித்தால், வீட்டில் குடியிருக்கிற ஆள் வராமலே தீர்ப்பு அவருக்கு எதிராகப் போய்விடும்.

"இன்னொரு தடவை போகச் சொல்லுங்கள். லயத்தில் கேட்க வேண்டாம், பக்கத்துக் கடையில் கேட்கச் சொல்லுங்கள்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பழைய பயம் வந்தது. குடியிருப்பவர் வந்து தன் பக்கத்தைப் பேசட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் அங்கேயும் ஓர் எதிர்வீட்டு அத்தை இருப்பார். அவர் மறைத்து வைத்த ஆளைக் கண்டுபிடிக்க நான் வழி சொல்லிக்கொடுத்துவிட்டேன். அந்த லயத்தில் போய் நான் நின்றால், என்னிடமும் அப்படி யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.