செப்டிக் டேங்க் குழிக்குள் கடல்

ஜெபமாலையைப் போல ஒரு வாயாடி எங்கள் எம்.எஸ்சி. ஜியாலஜி வகுப்பில் கிடையாது. நான் ஈஸ்வரி, பரமக்குடி நெசவாளி வீட்டுப் பெண். கேட்ட பாடம் கிடைக்காமல் ஜியாலஜிக்கு வந்து விழுந்தவள். அவளோ அக்காள்மடத்து மீனவர் வீட்டிலிருந்து, படித்தால் இதைத்தான் படிப்பேன் என்று அடம்பிடித்து வந்தவள். "கல்லப் படிச்சு என்ன செய்யப் போறா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே அவள் அப்பா சவேரியாருக்கு வாய் வலித்துவிட்டது.

கடைசி வருஷப் புராஜெக்டுக்கு அவள் பவளப்பாறையை எடுத்துக்கொண்டாள். பவளம் கடல்நீருக்குள்தான் வளரும். வளர்ந்த இடத்திலேயே அது இன்றைக்குத் தரையில் நின்றால், ஒரு காலத்தில் கடல் அந்த உயரத்துக்கு இருந்தது என்று அர்த்தம். எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்பதை ஆய்வகம் சொல்லிவிடும். ஆளுக்கு ஒரு மாதிரிதான் அனுப்பலாம் என்று துறையில் கண்டிப்பு. பார்சல் போகவேண்டிய நாள் திங்கட்கிழமை.

வீட்டுக்குப் பின்னால் கடற்கரை மணலில் நீளமாகக் கிடந்த பவளக்கல் வரிசையைத்தான் ஜெபா தேர்ந்தெடுத்திருந்தாள். ஆறு மாதம் அதை அளந்தாள், வரைந்தாள். வியாழக்கிழமை கடைசிப் போட்டோ எடுக்க நானும் கூடப் போனேன். ஒரு கல்லின் ஓரத்தில் மணலைத் தோண்டியவள் சட்டென்று நிறுத்தினாள். அடுத்த கல்லைத் தோண்டினாள். அதற்கடுத்ததையும் தோண்டினாள். வளர்ந்த பவளத்தின் உருண்டை முதுகு மேலேதான் இருக்கும். இங்கே எல்லாமே குப்புறக் கிடந்தன. இடுக்கில் சுண்ணாம்பு வேறு.

"ஈஸு, இது பாறையில்லடி. செவரு" என்றாள்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் பவளக்கல்லில் சுவர் எழுப்பினார்கள். மேல்வரிசை ஆடாமல் உட்கார, தட்டையான பக்கத்தை மேலே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சவேரியாரிடம் கேட்டோம். "அது பழைய மாதா கோயில் மதிலுல்ல. புயல்ல போச்சு. நீ கேக்கவே இல்லியே" என்றார் சாதாரணமாக. வெளியூர்க்காரி என்றால் முதல் நாளே ஊரில் விசாரித்திருப்பாள். பிறந்ததிலிருந்து அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து எழுந்தவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "பேசாம அனுப்பிரு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எங்க பூட்டன் தூக்கி வச்ச கல்லுடி. அவரு வச்ச எடந்தான் கடல் மட்டம்னு எழுதச் சொல்றியா?"

அன்றே பேராசிரியருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள். திங்கட்கிழமைக்குள் சரியான மாதிரி வராவிட்டால் இந்த வருஷம் படிப்பை முடிக்க முடியாது என்றார் அவர்.

வெள்ளியும் சனியும் வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். கிடைத்ததெல்லாம் அலை புரட்டிப் போட்ட துண்டுகள். ஞாயிறு காலை பூசை முடிந்து திரும்பும்போது, ரோட்டோர மேட்டில் ஒரு ஜேசிபி குழி தோண்டிக்கொண்டிருந்தது. நூர் நிஷா அக்கா கட்டும் புது வீட்டின் செப்டிக் டேங்க் குழி அது. அவர் வீட்டுக்காரருக்கு அரபு நாட்டில், தம்மாமில் வேலை. ஜேசிபியின் பல் எதிலோ உரசிக் கிறீச்சிட்டது. பூசைக்குப் போட்ட புதுச் சுடிதாரோடு ஜெபா ஓடினாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க!"

"ஏ புள்ள, நாளைக்குக் கான்கிரீட் போட மேஸ்திரி வாராரு. கக்கூஸ் குழிக்குள்ள எறங்கி என்னத்தப் பாக்கப் போற?" என்றார் அக்கா. ஆனாலும் கையைக் காட்டி மெஷினை நிறுத்தினார்.

ஏணி வைத்து இறங்கினோம். குழியின் பக்கவாட்டில், நான் இரு கையையும் விரித்தாலும் கொள்ளாத ஒரு பவள உருண்டை. முதுகு மேலே இருந்தது. அதன் அடியில் இன்னொன்று ஒட்டி வளர்ந்திருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. ஜெபா பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளத் தள்ள, பவள உயிர்கள் குடியிருந்த சின்னக் கிண்ணங்கள் பூப்பூவாகத் தெரிந்தன. நடுவில் ஒரு மட்டிச் சிப்பி. இரண்டு ஓடும் பிரியாமல், வாய் மூடியபடி இருந்தது. அலையில் உருண்டு வந்திருந்தால் ஓடுகள் எப்போதோ பிரிந்திருக்கும். வாழ்ந்த இடத்திலேயே இறந்திருக்கிறது.

ஜெபா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "உசுரோட எங்க ஊருப் பொம்பளைங்க கண்ணுல பட்டிருந்தா இந்த மட்டி கொழம்புல கெடந்திருக்கும். இத ஒருத்தரும் பாத்ததில்ல ஈஸு. நாமதான் மொதல்ல பாக்குறோம்" என்றாள்.

நாங்கள் நின்றது கடலின் அடியில். தலைக்கு மேலே தண்ணீர் இருந்திருக்கிறது, அதில் மீன்கள் போய் வந்திருக்கின்றன. இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்து எழுதிய பாடம் அந்தக் குழிக்குள்தான் என் மண்டையில் ஏறியது.

நூர் நிஷா அக்காவும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். பவளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சுப்ஹானல்லாஹ்" என்றார். மேஸ்திரிக்குப் போன் போட்டு, வேலையை இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொன்னார்.

ஜெபா உயரத்தை அளந்தாள். பவளத்தின் உச்சி இன்றைய கடலைவிட ஒரு முழம் மேலே இருந்தது. பேராசிரியர் போட்டோக்களைப் பார்த்து ஒத்துக்கொண்டார். அதில் உடைத்தெடுத்த துண்டோடு திங்கட்கிழமை பார்சல் போயிற்று.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தபோது நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். முதலில் நூர் நிஷா அக்காவுக்குத்தான் போன் போட்டாள். பவளத்தின் வயதைச் சொன்னாள்.

"அஞ்சாயிரத்து எரநூறு வருசமா?" என்று அக்கா பதறினார். "வக்கீல வச்சு மூலப்பத்திரம் வரைக்கும் பாத்துத்தான புள்ள எடத்த வாங்குனோம். கடல் பேரு எதுலயுமே இல்லையே!"