நாற்பது குரலும் ஒரு டிஸ்க்கும்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டிஸ்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் வாய்நிறைய அக்கா என்பார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

எழுதுபொருள் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போனால் இரண்டு அறைகள். முன்னறையில் அவளுடைய கொழுந்தன் படம் எடுப்பான். பின்னறை அவளுடையது. அங்கே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு பழைய டிவி, ஒலியைச் சரிபார்க்கும்போது நிறுத்தி வைக்க வேண்டிய மின்விசிறி. கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று கொழுந்தன் எடுத்து வருவதையெல்லாம் வெட்டி, ஒட்டி, டிவிடியாக்கித் தருவது அவள் வேலை.

அதற்கு முன்பு ஒன்பது வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தாள். தோள்பட்டை வலி தாங்காமல் நின்றபோது, "சும்மா வீட்ல இருக்கறதுக்கு இங்க வந்து கவுன்டர்ல உக்காருங்க அண்ணி" என்று கொழுந்தன்தான் அழைத்தான். கவுன்டரில் அவளுக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. அதனால் அப்போது பின்னறையில் வேலை பார்த்த எடிட்டர் பையனின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவன் வெளிநாட்டு வேலை கிடைத்து, ஒரு கல்யாண வீடியோவைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். பெண் வீட்டார் தினமும் போன் செய்தார்கள்.

"நான் பாக்கறேன் தம்பி" என்றாள்.

"அண்ணி, இது காலர் தைக்கிற மாதிரி இல்ல."

"காலர் தைக்கிறது சுலபம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

நான்கு நாளில் முடித்தாள். பெண் வீட்டார் இன்னும் ஐந்து பிரதி கேட்டு வாங்கிப் போனார்கள். அன்றிலிருந்து பின்னறை அவள் வசம்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பழைய தொழிற்சாலையே அவளைத் தேடி வந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியில் முதல் பரிசு அவர்களுக்கு. கொழுந்தன் இரண்டு கேமராவோடு போய் விழா முழுவதையும் எடுத்திருந்தான். குழுவின் தலைவி செக்கிங் அக்கா. தைத்து வரும் துணியில் குறை கண்டுபிடிப்பதே அவருக்கு வேலை. டிஸ்க் அக்கா தைத்த காலரை அவர் திருப்பி அனுப்பாத வாரம் கிடையாது.

"ஆளுக்கு ஒண்ணு. நாப்பது டிஸ்க்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் எப்போதும் செய்வதுபோலவே செய்து கொடுத்தாள். மூன்றாம் நாள் மதியம் குழுவில் ஒருத்தி மூச்சு வாங்கப் படியேறி வந்து டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள். பட்டன் வைக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத முகம்.

"அக்கா, படம் வருது, சத்தம் வரல. நாங்க நாப்பது பேரும் வாயைத் தொறக்கறோம், மூடறோம். மீன் தொட்டி மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்."

சாயங்காலத்துக்குள் அதையும் சேர்த்து ஏழு டிஸ்க் திரும்பி வந்தன. பின்னறை டிவியில் போட்டால் ஏழும் நன்றாகப் பாடின.

"அவங்க பிளேயர் பழசு அண்ணி. முப்பத்து மூணு வீட்ல பாடுதில்ல? நம்ம தப்பு இல்ல" என்றான் கொழுந்தன்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. எடிட்டர் பையன் விட்டுப்போன தடித்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆங்கிலம் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஒரு பக்கம் படிக்க ஒரு காலைப்பொழுது ஆனது. விஷயம் மெல்லப் பிடிபட்டது. டிஸ்க்கில் ஒலியை எழுத அவளுடைய மென்பொருளில் இரண்டு வழி இருந்தது. ஒன்று எம்பெக்: ஒலியைச் சுருக்கி மடித்து வைக்கும், இடம் கொஞ்சமே பிடிக்கும், ஆனால் சில பிளேயர்களுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. இன்னொன்று பி.சி.எம்.: சுருக்காமல் அப்படியே எழுதும், எந்தப் பிளேயரும் வாசிக்கும், ஆனால் இடத்தை விழுங்கும். சினிமா கம்பெனிகள் பயன்படுத்தும் மூன்றாவது வகையும் உண்டு. அதற்குத் தனி உரிமம் வேண்டும், அது இவர்களிடம் இல்லை. இத்தனை நாளும் மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுத்த எம்பெக்கையே அவளும் விட்டிருந்தாள். யாரும் குறை சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

புத்தகம் சொல்வதை அப்படியே நம்பவும் அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு சோதனை டிஸ்க் செய்தாள். ஒரே பாட்டின் ஒரு நிமிடம் இரண்டு முறை: முதலில் எம்பெக்கில், அடுத்து பி.சி.எம்மில். முதலாவதுக்கு முன்னால் "இது ஒண்ணு" என்றும், இரண்டாவதுக்கு முன்னால் "இது ரெண்டு" என்றும் தன் குரலிலேயே சொல்லிப் பதிந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு ஏழு வீட்டுக்கும் நடந்தாள். ஏழு வீட்டிலும் ஒண்ணு ஊமை. ஏழு வீட்டிலும் "இது ரெண்டு" என்று அவள் குரல் கணீரென்று வந்தது. கடைசி வீட்டில் அதைக் கேட்டு அவளே கைதட்டிவிட்டாள். அந்த வீட்டுக் குழந்தையும் சேர்ந்து தட்டியது.

மறுநாள் முழு விழாவையும் பி.சி.எம்மில் எழுதினாள். விழா நீளம் ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒலி மட்டும் டிஸ்க்கில் கால் பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது. மிச்ச இடத்தில் படத்தைத் திணித்ததில் படம் கெட்டது. பாடுகிறவர்கள் கைதட்டும்போதெல்லாம் கைகள் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தன.

"பாத்தீங்களா? சத்தத்துக்கு இடம் குடுத்தா மூஞ்சி போச்சு" என்றான் கொழுந்தன். கஷ்டப்பட்டு எடுத்த படமாயிற்றே என்ற ஆதங்கம் அவனுக்கு. "எல்லாரும் தன் மூஞ்சியைத்தான் அண்ணி பாப்பாங்க."

"மூஞ்சி பாக்க கண்ணாடி இருக்கு தம்பி. இவங்க பாட்டுக்குத்தான் பரிசு வாங்கினாங்க."

"அப்ப ரெண்டு டிஸ்க்கா போட்ருங்க."

"ஒண்ணுன்னு சொல்லித்தானே காசு வாங்கினோம்."

அவள் விழாவை முதலிலிருந்து ஓடவிட்டாள். பாட்டு மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். மீதி எல்லாம் பேச்சு. வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, நடுவில் மேனேஜர் மட்டும் இருபத்தெட்டு நிமிடம். ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, அசையாமல், அடித்து வைத்த ஆணிபோல நின்று பேசியிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆடாமல் நிற்கிற ஆளுக்கு எதற்கு இவ்வளவு இடம்?

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஒலி முழுவதும் சுருக்காமலே இருக்கட்டும். பேச்சு வரும் இடங்களில் படத்துக்குக் குறைவாகவும், பாட்டு வரும் இடங்களில் தாராளமாகவும் இடம் ஒதுக்கினால் போதும். ஒரே துணியில் காலருக்கு ஒரு அளவு, கைக்கு ஒரு அளவு வெட்டுவதில்லையா? இரண்டு முறை டிஸ்க் கொள்ளாமல் போயிற்று. மூன்றாம் முறை, நூல் இழை மிச்சம் என்பார்களே, அப்படி உட்கார்ந்தது.

கொழுந்தன் திரைக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தான். பாட்டில் கைகள் கைகளாகவே இருந்தன. பேச்சுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, மேனேஜர் சட்டையில கட்டம் கட்டமா தெரியுதே!"

"அவர் போட்டிருந்ததே கட்டம் போட்ட சட்டைதான் தம்பி."

அவன் சிரித்த சிரிப்பில் கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

முதல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரே செக்கிங் அக்கா வீட்டுக்குப் போனாள். சத்தம் வராத ஏழில் அவர் வீடும் ஒன்று. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, துணிக்குவியலின் முன் உட்காரும் அதே தோரணையில் உட்கார்ந்தார். ஒரு மணி ஐம்பது நிமிடமும் பார்த்தார், மேனேஜர் பேச்சைக்கூட வேகமாக ஓட்டிவிடவில்லை. கடைசிப் பாட்டில் மட்டும் தலையைச் சாய்த்தார்.

"ரெண்டாவது வரிசையில கனமா ஒரு குரல் கேக்குதே, அது யாருன்னு தெரியுதா?"

"பட்டன் பிரிவுல இருக்காளே, அவதான்."

"முன்னாடி குடுத்த டிஸ்க்கை தங்கச்சி வீட்ல போட்டுப் பாத்தேன். அதுல இந்தக் குரல் அமுங்கிக் கிடந்தது. கைதட்டலும் மழை பேயற மாதிரி குழகுழன்னு இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு குறையும் இல்ல. எழுது நாப்பதும்."

ஒன்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து கேட்காத சொல். திரும்பி வரும் வழியில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏழு வீட்டுக்கு மட்டும் மாத்திக் குடுத்தா போதாதா?" என்று கொழுந்தன் கேட்டுப் பார்த்தான்.

"எல்லாரும் சேந்துதானே பாடினாங்க. எல்லாருக்கும் நல்லதா குடுப்போம்."

உறைகளை அவனே ஒட்டிக் கொடுத்தான். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வாசலில் நின்று நாற்பதையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு உறையின் பின்னாலும் அவள் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள்: "எந்தப் பிளேயரிலும் பாடும். பாடாவிட்டால் என்னிடம் கொண்டு வரவும்."

யாரும் கொண்டு வரவில்லை. பட்டன் பிரிவுப் பெண் மட்டும் அடுத்த வாரம் வெறுங்கையோடு வந்தாள். வீட்டுக்காரர் நான்கு தடவை போட்டுக் கேட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இப்ப வரும் பாருங்க, இதான் என் பெண்டாட்டி குரல்" என்றாராம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டிஸ்க் அக்கா மின்விசிறியைப் போட்டுவிட்டு, அந்தக் கதையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அதன்பின் வீடியோ விஷயமாக யார் வந்தாலும் கொழுந்தன் கேமராவைப் பற்றி மட்டும்தான் பேசுவான். "சத்தமா? அது எங்க அண்ணி டிபார்ட்மென்ட்" என்று பின்னறையைக் கை காட்டுவான். அதில் அவனுக்கும் ஒரு பெருமை.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் போன் வந்தது. கடைத்தெருவில் குளிர்சாதன அறையும் நான்கு எடிட்டர்களும் உள்ள பெரிய ஸ்டுடியோவின் முதலாளி. கொழுந்தன் பயபக்தியோடு எழுந்து நின்று பேசிவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்தினான். அவர்கள் கொடுத்த டிஸ்க் ஒன்று வாடிக்கையாளர் வீட்டில் ஊமையாகிவிட்டதாம்.

"உங்களைத்தான் கேக்கறார் அண்ணி."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நிதானமாக உட்கார்ந்து போனை வாங்கினாள்.

"சொல்லுங்க சார். முதல்ல விழா எவ்வளவு நேரம்னு சொல்லுங்க. அதுல எவ்வளவு நேரம் பேசறாங்க, எவ்வளவு நேரம் ஆடறாங்க? சரி. பேப்பர் பேனா இருக்கா? எழுதிக்கோங்க."