டிரம்ஸ் இல்லாத எட்டு டிராக்

தனசேகர் இறந்துபோன தகவல் வந்தபோது நான் நம் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். விரல் வேகம் மட்டும் இருந்தால் ஒருவரைப் பெரிய ராக் கிதார் கலைஞர் என்று சொல்லிவிடலாமா என்பது வாதம். உங்களில் பலர் அன்று அதில் இருந்தீர்கள். நடுவில் அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எனக்காகப் பேச வருகிறான் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். பேசியது அவன் மைத்துனன். "அண்ணாத்த, மாமா பூட்டாரு. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு" என்றான். தனசேகருக்கு நாற்பத்தாறு வயதுதான்.

அதன்பிறகு குழுவில் நீங்கள் எழுதிய இரங்கல் எல்லாவற்றிலும் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. நான் அவ்வளவு புகழ்ந்து எழுதிய அவனுடைய ஆல்பத்தை நீங்கள் யாரும் கேட்க முடியாமலே போய்விட்டதே என்று. ஏன் கேட்க முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் நான்தான்.

நாங்கள் இருவரும் மறைமலைநகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். கம்பெனி பஸ்ஸில் நான் படாளத்தில் ஏறுவேன், அவன் செங்கல்பட்டில் ஏறுவான். ஒயர் வைத்த ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. போகும்போது பாதி ஆல்பம், திரும்பும்போது மீதி. ஒரு காதில் கேட்டால் பாதிதான் கேட்கும் என்பதால், மறுநாள் காதை மாற்றிக்கொண்டு அதே ஆல்பத்தை முதலிலிருந்து கேட்போம். இடையில் பேசக் கூடாது, ஒரு டிராக்கையும் தள்ளக் கூடாது. இப்படிப் பதினோரு வருஷம். எத்தனையோ நாட்டுக் கிதார்காரர்களைச் சிங்கப்பெருமாள்கோவில் நெரிசலில் வைத்துத்தான் கேட்டு முடித்தோம். "வேகமா வாசிக்கிறவன் ஆயிரம் பேர் கீறான். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன் ரெண்டு பேர்தான்" என்பான். அந்த இரண்டு பேர் யார் என்பது மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும்.

அவன் வாசிப்பான் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் வாசித்தேன் என்பது அவ்வளவாகத் தெரியாது. வராது என்று தெரிந்ததும் விட்டுவிட்டு, மற்றவர்கள் வாசிப்பதைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். அவன் விடவில்லை. வார விடுமுறைக்கு நெம்மேலியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய், மீன் ஏலம் முடிந்து தெரு அடங்கிய மதியங்களில், கதவு ஜன்னலையெல்லாம் போர்வையால் அடைத்துக்கொண்டு பதிவு செய்தான். குரலே இல்லாத எட்டு டிராக். இரண்டு வருஷம் ஆனது.

ஒருநாள் பஸ்ஸில் எட்டையும் என் போனுக்கு அனுப்பினான். அங்கேயே கேட்கலாம் என்று நான் இயர்போனை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டான். "வாணாம் மச்சான். வூட்டாண்ட போய் தனியா கேளு. நான் பக்கத்துல குந்திகினு இருந்தா நீ பொய் சொல்லுவ" என்றான்.

நான் கேட்கவில்லை. அன்றும் இல்லை, அந்த வாரமும் இல்லை. மோசமாக இருந்தால் என்ன சொல்வது என்று பயந்தேன். நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரியது. பொறாமைதான், வேறு பேர் வைத்து மூடி மறைக்க வேண்டாம். பத்தாம் நாள், "இன்னா மச்சான், கேட்டியா?" என்றான். "கேட்டேன்டா, பிரமாதம்" என்றேன். சொன்னதோடு நிற்காமல், மாலையே குழுவில் நீளமாக ஒரு விமர்சனமும் எழுதினேன். மூன்றாவது டிராக்கில் டிரம்ஸும் கிதாரும் ஒன்றையொன்று துரத்துகின்றன என்று எழுதினேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். எங்கே கேட்கலாம் என்று கேட்டீர்கள். "கொஞ்சம் சரி பண்ண வேண்டி கீது, அப்பால போடறேன்" என்று பதில் போட்டான். மூன்று வருஷமாக அதே பதில்தான். நான் விமர்சனம் எழுதிய மறுநாளும் பஸ்ஸில் எப்போதும்போல இயர்போனை நீட்டினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

காரியத்துக்கு நெம்மேலிக்குப் போனேன். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அவன் மனைவி செல்வி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "அண்ணா, அவரு பாட்ட நீங்க கேக்கவே இல்ல, இல்ல?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நீங்க எய்துனத படிச்சிட்டு சிரிச்சாரு. 'நம்ம பாட்டுல டிரம்ஸே இல்லியே செல்வி'ன்னாரு. டிரம்ஸ் போட்டா அதும் பின்னால ஒளிஞ்சிக்கலாம்னு வேணும்னே போடாம வுட்டாரு. சரி, அப்ப வெளிய வுடுங்களேன்னு நான் எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். 'வுட்டா அவன் கேக்காம எய்தினது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அவனுக்கு அந்த எழுத்த வுட்டா வேற இன்னா கீது'ன்னாரு."

அங்கே எப்படி எழுந்தேன், எப்படி வண்டியை எடுத்தேன் என்று நினைவில்லை. மகாபலிபுரம் தாண்டியதும் சாலையோரம் நிறுத்தி, இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு எட்டையும் வரிசையாகக் கேட்டேன். நன்றாக இருக்கிறது. நாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பல ஆல்பங்களைவிட நன்றாக இருக்கிறது. ஐந்தாவது டிராக்கில் ஒரே சுரத்தைப் பிடித்து வளைத்து, இதோ விழப்போகிறது என்னும் இடத்தில் நிறுத்துகிறான். நான் வாய்விட்டு அழுதேன். இந்தப் பாராட்டை உயிரோடு இருக்கும்போதே உங்களிடமிருந்து அவன் கேட்டிருக்க வேண்டும். என் மானத்துக்காக அதை விட்டுக்கொடுத்தான், படுபாவி. எடுத்துக்கொண்ட நானும் படுபாவிதான்.

செல்வியிடம் அனுமதி வாங்கி எட்டு டிராக்கையும் இன்று குழுவில் போட்டிருக்கிறேன். என் பழைய விமர்சனத்தை அழிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு என்னைக் குழுவில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஒன்றை மட்டும் உங்களுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் எனக்கு அனுப்பிய பிரதியில், எட்டாவது டிராக் முடிந்து சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, கிதாரைக் கீழே வைத்துவிட்டு மைக்கில் பேசுகிறான். "இன்னா மச்சான், நல்லா கீதா? இத கேட்டா ஒடனே போன் பண்ணு." உங்களுக்குப் போட்டதில் அதை வெட்டிவிட்டேன். அது என்னைக் கேட்டது.