விட்டுவைத்த செடி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் வரிசைக்கு இருபுறமும் நின்று பிடிக்க வேண்டும். என் தோள் போய்ப் பல வருஷமாகிறது. செடிக்குள் குருவிக்கூடு தெரிந்தால் மிஷினை நிறுத்தி, அந்தச் செடியில் சிவப்புத் துணி கட்டி, அதை மட்டும் வெட்டாமல் விடுவது எங்கள் லயத்து வழக்கம். ஒரு செடிக்குக் கங்காணியும் ஒன்றும் சொல்லமாட்டார். பெரும்பாலும் கட்டுவது நான்தான். இந்த வேலையில் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

போன வருஷம், சுற்றுலாக்காரர்களுக்குப் பறவை காட்டப் பக்கத்து டவுன் தானா ராத்தாவிலிருந்து வரும் தம்பி ஒருவர் என் துணியைப் பார்த்து நின்றார்.

"அக்கா, சுத்தி எல்லாத்தையும் மட்டமா வெட்டிட்டு இது ஒண்ண மட்டும் விட்டா, காக்காவுக்கு நீங்களே அடையாளம் காட்டுன மாதிரிலா. உள்ள பாருங்க."

பார்த்தேன். வாலடியில் மஞ்சள் உள்ள மெர்பாக் குருவியின் கூடு அது. துணி கட்டியபோது மூன்று முட்டை இருந்தது. இப்போது பிய்ந்த நார்தான் கிடந்தது.

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. பிறகு அதற்கும் தெம்பில்லை. இத்தனை வருஷமும் புண்ணியம் என்று நினைத்துக் காக்கைக்குப் பந்தி வைத்திருக்கிறேன்.

"அப்ப என்னதான் செய்றது?"

"அந்த வரிசையையே விட்டுடுங்க. எதுல கூடுன்னு தெரியக்கூடாது. நாலு வாரத்துல குஞ்சு பறந்துரும்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். கங்காணியிடம் கேட்டேன். "ஒரு செடின்னா சரி. வரிசையெல்லாம் முடியாதுலா," என்றார்.

அடுத்த சுற்றில் முட்டையோடு இன்னொரு கூடு கண்ணில் பட்டது. பழக்க தோஷத்தில் கை துணியைத் தேடியது. நிறுத்திக்கொண்டேன்.

"இந்த வரிசைய விட்ருவோம்," என்றேன், எதிரே மிஷின் பிடித்திருந்த நாத்தனாரிடம்.

"கங்காணி ஏசுவாரு."

"ஏசட்டும்."

ஏசினார். ஆனால் அவர் கவனிப்பதற்குள் மிஷின் அடுத்த சரிவுக்குப் போயிருந்தது; ஒரு வரிசைக்காக அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. மறுநாளிலிருந்து என்னை மூட்டை தூக்கப் போட்டார். கொழுந்து மூட்டையோடு ஏறினால் முட்டி கழன்றுவிடும் போலிருக்கும். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று தினமும் அலுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அந்த வரிசையோரம் மூட்டையை இறக்கி மூச்சு வாங்கினேன். மேலே கம்பத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. மெர்பா ஒன்று அலகில் புழுவோடு வந்து வரிசைக்குள் இறங்கியது. காக்கை கழுத்தை நீட்டிப் பார்த்தது. நானும் பார்த்தேன். அது எந்தச் செடிக்குள் போனது என்று இருவருக்குமே தெரியவில்லை.