மனாங் பெர்ப்பியின் குட்டைப் பலகை

பூசோவை உள்ளங்கையில் வைத்து ஒரே வெட்டாக வெட்டுகிறாள் மனாங் பெர்ப்பி. மனாங் என்றால் எங்கள் ஊரில் அக்கா. தென்னங்குருத்துப் பின்னலுக்குள் இறுகி வெந்த சோறு இரண்டாகப் பிளந்து ஆவி விடுகிறது. "மனாங், இன்னொரு கம்மல் எங்க?" என்கிறான் ஒருவன். அவள் காதில் இருப்பது எப்போதும் ஒற்றைக் கம்மல்தான். "நீ தின்ன குடல்ல தேடிப் பாரு" என்கிறாள். சிரிப்பு மட்டும் வராது. யாராவது சிரித்தாலும் முறைப்பாள்.

செபு துறைமுகத்துக்குப் பின்னால், விடுதிச் சுவரை ஒட்டிய நடைபாதைதான் அவள் கடை. பொரித்த பன்றிக்குடலும் கருவாடும் குவிந்த பேசின். அதைச் சுற்றி முழங்காலுக்கும் தாழ்ந்த பலகைகள். மேசையும் இல்லை, கரண்டியும் இல்லை. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, வேண்டியதை எடுத்து, மிளகாய் ஊறிய வினிகரில் தோய்த்துத் தின்ன வேண்டியதுதான். எதிரே கப்பல் டிக்கெட் கவுண்டரில் எனக்கு வேலை. மதியம் அங்கே போய்க் குந்தாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கி ஞாயிறன்று பறந்துவிடும் ஊர்சுற்றிகள் மேல் அவளுக்கு ஒரு பரிதாபம் உண்டு. இரண்டே நாளில் இந்த ஊரைத் தின்று தீர்க்க வந்த ஜனங்கள் அல்லவா! மணிலாப் பெண்ணானாலும் கொரியாக்காரரானாலும் மூட்டை தூக்கிகளுக்கு நடுவில் இடம் பிடித்துச் செருகிவிடுவாள். முட்டி மடங்காத ஒரு கொரியப் பெரியவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்து, "குந்தத் தெரியாம எதுக்குய்யா பிளேன் ஏறுன?" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு தட்டுக் குடலைத் தனியாகவே காலி செய்தார்.

விடுதிக்குப் புதிதாக வந்த மேலாளன் ஜுன்ரேவுக்கு இது பொறுக்கவில்லை. அவள் தார்ப்பாயின் ஒரு மூலைக் கயிறு விடுதிச் சுவரின் ஆணியில்தான் கட்டியிருந்தது. அது இல்லாவிட்டால் மழை நேராக எண்ணெய்ச் சட்டிக்குள் விழும். கடையைக் கட்ட வேண்டியதுதான். போன வாரம் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

"மனாங், மத்தியானத்துல எங்க கெஸ்ட்டுங்க மட்டும் சாப்பிடட்டும். இந்த மூட்டைக்காரங்க அப்புறமா வரட்டுமே. நாற்காலி, மேசை, தகரக் கூரை எல்லாம் நானே போட்டுத் தரேன்."

"இவனுங்க என்னடா பாவம் பண்ணானுங்க?"

"வேர்வை நாத்தம், மனாங். கெஸ்ட்டுங்க மூக்கப் பொத்துறாங்க."

கருவாட்டு பேசினை அவன் மூக்குக்கு நேராகத் தூக்கினாள். "இது மட்டும் மணக்குதா? இதத் தின்னத்தானே கடல் தாண்டி வர்றாங்க?"

ஜுன்ரேயின் சிரிப்பு போய்விட்டது. "ஆணி எங்களோடது. நாளைக்கு என்மேல வருத்தப்படக் கூடாது."

"ஆணிய நீயே வெச்சுக்க, தம்பி. என் பலகையில உக்காந்தவனப் பார்த்து எந்திரின்னு என் வாயால வராது. போ!"

இந்த மூலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது? "கொஞ்சம் விட்டுக் குடுங்களேன், மனாங்" என்று மெதுவாகச் சொன்னேன். "உனக்கு அவ்வளவு பயமா இருந்தா, நீ உள்ள போயி நாற்காலில உக்காந்து தின்னு" என்று என் மேல் பாய்ந்தாள். சுருக்கென்றது. அன்றைக்கு அவசரமாகத் தின்றுவிட்டு எழுந்து போனேன்.

நேற்று மதியம் பலகைகள் நிறைந்திருந்தன. மழை பிடித்துக்கொண்ட நேரம் பார்த்து ஜுன்ரே வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டான். தார்ப்பாய் எங்கள் தலையில் சரிந்தது. சட்டியில் மழை விழுந்து எண்ணெய் சடசடவென்று தெறிக்க, ஆளாளுக்கு எழுந்தோம்.

"உக்காருங்கடா! எவனும் நகரக் கூடாது!"

மனாங் போட்ட அதட்டலில் அத்தனை பேரும் மறுபடி குந்திவிட்டோம். விழுந்த கயிற்றை எட்டிப் பிடித்துத் தோளுக்குக் குறுக்கே சுற்றிக்கொண்டு, அவள் நடைபாதை விளிம்பு வரை பின்னால் போனாள். தார்ப்பாய் விறைத்து எங்கள் தலைக்கு மேலே ஏறி நின்றது. சட்டியும் நனையவில்லை, நாங்களும் நனையவில்லை. மழை முழுக்க அவள் முதுகில் கொட்டியது.

"எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க, மனாங்?" என்றான் ஜுன்ரே.

அவள் கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, மார்பில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.