மூன்றாவது ஓலை

எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால், மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் அறிவிக்கவும் என்று சாமியார் படிப்பார். எனக்கு இரண்டு ஓலை வாசித்தார்கள்.

எங்கள் தீவில் கொடிமலை உச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கிய புதிது அது. எனக்குப் பத்தொன்பது வயது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. மோதிரம் போட்ட அன்று அது என் விரலுக்குப் பெரிதாக இருந்தது. "நூல் சுத்திப் போட்டுக்குங்க, விழுந்துறப் போவுது" என்று மெல்லச் சொன்னார். அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் மனதுக்குள் ஒரு குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் கிராணிதான், ஒரு கப்பல் கம்பெனியில். பிரசங்கத்தில் கேட்டதை அப்படியே செய்துவிடுகிற மனிதர். மற்றவர்கள் கேட்பார்கள், நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டாவது குடை என்று ஒன்று தங்கியதே இல்லை. யாராவது நனைந்துகொண்டு போனால் எடுத்துக் கொடுத்துவிடுவார். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பாசாருக்குச் சாமான் வாங்கப் போவார். அதையெல்லாம் சொல்லி நாங்கள் அப்பாவைக் கேலி செய்துகொண்டிருந்தோம். குடையோடு நின்றுவிடும் என்று நினைத்தோம்.

தெருச் சாக்கடை கழுவும் வேலை செய்த ஒருவர் அந்த வருடம் ஞானஸ்நானம் வாங்கினார். இங்கே வர நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது எங்கள் ஆட்கள் எதை மறந்தாலும் சாதியை மறக்கவில்லை. அவருக்கு ஞானத்தகப்பனாக நிற்கக் கோயிலில் ஒருவரும் முன்வரவில்லை. அப்பா போய் நின்றார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டார். ஞானத்தகப்பன் என்பது கோயிலுக்குள் ஒரு சடங்கு, அதோடு முடிந்தது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அப்பா மட்டும் அவரைத் தன் மகன் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். இலை போட்டாயிற்று. அப்பா வாசலுக்குப் போய் அந்த மனிதரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார் அவர். "வேணாங்கய்யா, நான் அப்புறமாப் பின்னால சாப்டுக்கிறேன்" என்று அவர் கெஞ்சியது உள்ளே இருந்த எனக்கே கேட்டது. அப்பா கேட்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு அடுத்த இலையில் உட்காரவைத்து, "நம்ம ஞானமகன்" என்றார்.

பெரியப்பா எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். கடைசியாக எழுந்தது மாப்பிள்ளை. பரிமாறிய சோறு இலையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்த மனிதரும் எழப் பார்த்தார். அப்பா அவர் தோளை அழுத்தி, "சாப்புடுப்பா" என்று சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் அப்பாவை வெறுக்கவில்லை. அந்த மனிதரைத்தான் வெறுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அக்கா சமாதானம் பேச வந்தார். நல்ல பெண்மணி. அவர் தன் தம்பியின் பிடிவாதத்தால்தான் வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது தெரிந்தது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் வலித்தது.

"மாமா, நாங்களும் வேதக்காரங்கதான். கோயில்ல அவரு எங்க வேணும்னாலும் முழங்கால் போடட்டும், யாரு வேணாம்னா? பந்தி வேற லா. கல்யாணத்தன்னிக்கி அவரு பந்தியில உக்கார மாட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஞாயித்துக்கிழம மூணாவது ஓலைய வாசிக்கச் சொல்லிர்றோம்."

நான் காப்பித் தட்டோடு நின்றேன். என் உயிர் முழுக்க அப்பாவின் வாயில் இருந்தது.

"பீடத்துக் கிராதியில எம் பக்கத்துல முழங்கால் போட்டு நன்ம அப்பம் வாங்குறாரும்மா. ஆண்டவரு உக்கார வெச்ச ஆள நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு எழுப்புறது?"

அம்மா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "என்னாங்க, ஒரே ஒரு வார்த்ததானே. சொல்லிருங்க. அப்புறம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம்."

வேறொரு நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அப்பா தலையை அசைத்தார், முடியாது என்று. என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அறையில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். கடைசி நிமிடத்தில் மாப்பிள்ளை மனம் மாறிச் சாமியாரிடம் சொல்லியிருப்பார் என்று ஒரு நப்பாசை. வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையைச் சாமியார் வாசித்தார். பிறகு தாளை மடித்தார். பெண்கள் பக்கம் அத்தனை முக்காடுகளும் என் பக்கம் திரும்பின. பின்வரிசையில் யாரோ ஒரு பெண்மணி என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் நிச்சயமானது. அவருடைய ஓலையை அதே கோயிலில்தான் வாசித்தார்கள். மூன்றையும் கேட்டேன்.

அப்பா உட்காரவைத்த அந்த மனிதர் ஒரு நாள் கொல்லைப்புறம் வந்து நின்றார். "தங்கச்சி, எங்கனா ரப்பர் தோட்டத்துப் பக்கம் போயிர்றேன்னு ஐயாகிட்ட சொல்லிப் பாத்தேன். உட மாட்டேங்கிறாரு." நான் ஜன்னலைச் சாத்தினேன். அப்பா செய்ததற்கு நான் விலை கொடுத்தேன் என்று ஊரில் சிலர் என்னைப் பெரிதாகப் பேசுவார்கள். சாத்திய ஜன்னலை அவர்கள் பார்க்கவில்லை.

எனக்கு வேறு வரன் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் விசாரித்துவிட்டுப் போய்விட்டன. சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து என் காலம் போயிற்று. அம்மா சாகும்வரை அப்பாவுக்குச் சோறு போட்டார், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதை நான் பார்க்கவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, பல வருடமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சிலுவ உங்களோடது. ஏன்ப்பா எந் தோள்ல தூக்கி வெச்சீங்க? இப்பிடி ஆவும்னு தெரிஞ்சிருந்தா அவர உக்கார வெச்சிருப்பீங்களா?"

அவர் கண்ணில் நீர் வழிந்தது. இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று அந்த ஒரு கணம் நான் நடுங்கினேன். சொல்லியிருந்தால் என் வாழ்க்கை எதற்காகப் போயிற்று?

"உக்கார வெச்சிருப்பேம்மா" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா மொதல்ல உங்கிட்ட கேட்டிருக்கணும்" என்றார்.

நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் அப்பா என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு அவர் என் பக்கம் திரும்பவில்லை.